நோஹேயாவின் எடைக்கு ஒரு பலகை

வெண்டெல் அராகாக்கிக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் ஆகியும் மனைவியின் எடை எவ்வளவு என்று தெரியாது. தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லாமல் போகவில்லை. மொலோக்காய் தீவில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போகும் விமானம் ஒன்பது பேர் உட்காரும் குட்டி விமானம். கவுண்டரில் இருக்கும் பெண் ஒவ்வொருவரிடமும் எடையைக் கேட்டு எழுதிக்கொண்டுதான் இடம் ஒதுக்குவாள். நோஹேயாவின் முறை வந்ததும் வெண்டெல் தானாகவே நாலடி தள்ளிப் போய், குளிர்பான இயந்திரத்தில் என்னென்ன இருக்கிறது என்று படிக்க ஆரம்பித்துவிடுவார். நோஹேயா கவுண்டர் மேல் குனிந்து, அந்தப் பெண்ணின் காதில் ஏதோ ஒரு எண்ணைச் சொல்வாள். அந்த இயந்திரத்தில் எந்த வரிசையில் கொய்யாச் சாறு, எந்த வரிசையில் சோடா என்று வெண்டெலை இன்று கேட்டாலும் சொல்வார். எடை மட்டும் தெரியாது. நல்ல குடும்பஸ்தன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அவர் ஹொனலூலுவில் முப்பத்தோரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். அவள் அதே ஊரில் கைமுக்கிப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையை நடத்தியவள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இருவரும் வைக்கீக்கிக் கடற்கரைக்குப் போவார்கள். நோஹேயா அலைச்சறுக்குப் பலகையைத் தலைமேல் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விடுவாள். வெண்டெல் கடற்கரைச் சுவர் மேல் செய்தித்தாள், காப்பிக் குடுவை, அவளுக்கென்று இரண்டு முசுபிச் சோற்றுக் கட்டி, ஒரு துண்டு இவற்றோடு உட்கார்ந்திருப்பார். கடலுக்கும் அவருக்கும் எந்தத் தகராறும் இல்லை. பழக்கம் இல்லை, அவ்வளவுதான். அங்கே வரும் அலைகள் பெரும்பாலும் இடுப்பளவுதான்; நிதானமாக எழுந்து, நெடுந்தூரம் ஓடிக் கரை சேரும். அந்த அலைகளில் நோஹேயா பலகையின் மூக்குவரை நடந்து போய் நின்றுகொண்டு வருவதைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் சோற்றை வாயில் வைத்தபடியே நின்றுவிடுவார்கள். என்னவள்தான் என்று சொல்ல வெண்டெலுக்கு வாய் வரை வரும். சொன்னதில்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். உயிரும் பேச்சும் பிழைத்தன. இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டன. அன்றிலிருந்து தினமும் காலையில் வெண்டெல் கட்டில் ஓரத்தில் அவளை உட்கார வைத்து, இரண்டு அக்குளுக்கும் கீழே கை கொடுத்துக் கட்டிப்பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி எழுப்பி, நாற்காலிக்கு மாற்றுவார். இதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. அறுபத்தாறு வயதில் வேறு எவன் தூக்குவான் என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வார்.

கை கால் போனதைவிட மோசமான இன்னொன்று நடந்தது. நோஹேயா கடலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். கார் கடற்கரைச் சாலையில் போனால் வானொலியைத் திருகிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவர் வைக்கீக்கிப் பக்கம் வண்டியைத் திருப்பினால், "கடைக்குப் போ, பல்பு வாங்கணும்" என்பாள். வீட்டில் பல்பு பெட்டி பெட்டியாகச் சேர்ந்துவிட்டது. பிப்ரவரியில் ஒரு நாள் தன் சித்தி மகன் கிளேட்டனுக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "அந்த போர்டை யாருக்காவது வித்துடு. மூட்டைக்கு எதுக்கு போர்டு?"

அவள் தன்னையே மூட்டை என்று சொன்னது பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த வெண்டெலின் காதில் விழுந்தது. மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்தார். மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாளை நோஹேயாவுக்குத் துணைக்கு வைத்துவிட்டு, கிளேட்டனின் கொட்டகைக்குப் போனார்.

கிளேட்டன் பலகை செதுக்குகிறவன். நுரைக் கட்டையை இழைத்து இழைத்துத் தலை, புருவம், காது எல்லாம் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா போர்டு கேட்டு வந்தியா மச்சான்? விக்கல. விக்கவும் மாட்டேன்."

"அது இல்ல. ரெண்டு பேர் படுக்கற மாதிரி ஒண்ணு வேணும்."

"ஒண்ணு அக்கா. இன்னொண்ணு யாரு?"

"நான்தான்."

கிளேட்டன் முகமூடியைக் கழற்றிவிட்டு அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான். "மச்சான், நீ முட்டி நனைஞ்சாலே துண்டு தேடுற ஆளு."

"தேடினா தேடறேன். நீ போர்டைக் காட்டு."

கொட்டகையில் ஏற்கெனவே செய்து வைத்த பலகைகள் இரண்டு இருந்தன. ஒன்று சிவப்பு, பன்னிரண்டடி, கதவு மாதிரி அகலம். வெண்டெலுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. படுத்துப் பார்க்கச் சொன்னான் கிளேட்டன். படுத்து இரண்டு பக்கமும் கையைத் தொங்கவிட்டால் விரல் நுனி மட்டும்தான் ஓரத்தைத் தாண்டியது.

"கட்டைக் கை உனக்கு. இதுல நீ தண்ணிய வழிக்க முடியாது, தடவிக் கொடுக்கத்தான் முடியும்."

இன்னொன்று மஞ்சள். மூக்கு அழகாக மேல்நோக்கி வளைந்திருந்தது. அதையும் கிளேட்டன் வேண்டாம் என்றான்.

"இது பெரிய அலைக்கு. சின்ன அலை உன்னைப் புடிச்சுத் தள்ளாது மச்சான், சும்மா தோள்ல தட்டும். நீயாத்தான் ஓடணும். மூக்கு வளைஞ்சிருந்தா முன்னாடி இருக்கற தண்ணியத் தள்ளிக்கிட்டே போவும், அலை உன்னை விட்டுட்டுப் போயிரும். நமக்கு வேண்டியது தட்டை. நல்ல நீளம், அகல மூக்கு, உருண்ட ஓரம். அடியில ஒரே துடுப்பு."

"பஸ்ல சொல்லு, புரியும்."

"பழைய நாப்பதடி வண்டி. வளையறதுக்கு நேரமாகும், கெளம்பிட்டா நிக்காது."

"அதைக் குடு."

"குடுக்கறேன். அகலம் இருபத்தஞ்சு அங்குலம், அதுக்கு மேல உன் கை எட்டாது. நீளம் பதினொண்ணரை அடி, அதுக்கு மேல உன் கார் தாங்காது. மிச்சம் தடிமன்தான். அது எடையைப் பொறுத்தது. உன் எடை?"

"நூத்தி அறுபத்தஞ்சு பவுண்டு."

"அக்கா?"

வெண்டெல் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் படிக்க ஆரம்பித்தார்.

"கேட்டுட்டு வா மச்சான்."

"நீ கேளேன். தம்பிதானே."

"இன்னும் கொஞ்ச காலம் உயிரோட இருக்கலாம்னு பாக்கறேன்."

"சும்மா ஒரு குத்துமதிப்பா, கொஞ்சம் கூடவே தடிமன் வச்சிரு."

"கூட வச்சா தண்ணி மேல உருளும். ஒரு பக்கம் புடிமானம் இல்லாதவளைக் கவுத்துப்புடும். சரியான எண்ணு வேணும். எண்ணு இல்லாம நான் கட்டையத் தொட மாட்டேன்."

வெண்டெல் பேருந்துக்காரர், வழி அடைத்திருந்தால் சுற்றிப் போகத் தெரியும். வீட்டுக்குப் போகும் வழியில் ஆறு அரிசிப் பை வாங்கினார், ஒவ்வொன்றும் இருபது பவுண்டு. தினமும் அவளைத் தூக்குகிற கைக்கு அவள் எடை தெரியாதா என்பது அவர் கணக்கு. கார் நிறுத்தும் கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய சாக்குப் பையில் நாலு அரிசிப் பையைப் போட்டு, கட்டில் உயரத்துக்கு ஒரு முக்காலி தேடி அதன் மேல் உட்கார வைத்தார். கட்டிப்பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒண்ணு, ரெண்டு, மூணு. சுலபமாக வந்துவிட்டது. இது அவளில்லை. ஆறு பை போட்டார். இடுப்பு முடியவே முடியாது என்றது. ஐந்து போட்டார். அதே கனம். அதே மூச்சு. முதுகில் அதே இடத்தில் அதே சுருக்.

நூறு பவுண்டு. சாக்கைக் கட்டிப்பிடித்தபடியே அவர் நின்றார். நூறுதானா? பார்வைக்கு அப்படியேதானே இருக்கிறாள். கன்னம்கூட வற்றவில்லை. தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாமல் என் நோஹேயா இப்படிக் கரைந்துவிட்டாளா? அவருக்கு அழுகை வந்துவிட்டது. அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு மனுஷன் அழுவதை வேறு யாரும் பார்க்காதது நல்லதாகப் போயிற்று.

"எதுக்கு இவ்வளவு அரிசி?" என்று நோஹேயா கேட்டாள்.

"புயல் வருதாம்."

"பிப்ரவரியிலயா?"

அவர் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து அவள் தட்டில் சோறு ஒரு கரண்டி கூடியது. மாக்கரோனி சாலட் இரண்டு கரண்டி கூடியது. அவள் முறைத்தாள், ஆனால் சாப்பிட்டாள்.

எண்ணைக் கேட்டதும் கிளேட்டனின் வெள்ளைப் புருவம் மேலே போனது. "நூறா? அக்காவா?"

"தினம் தூக்கறவன் சொல்றேன்."

அதற்கு மேல் எவன் வாதாட முடியும். கட்டையைத் தொட்டான் கிளேட்டன்.

பலகை உருவாகிக்கொண்டிருந்த ஒன்பது வாரமும் வெண்டெலுக்குக் கடலில் வேலை. அலையில்லாத குளம் போன்ற ஓரத்தில், கிளேட்டனின் ஓட்டைப் பலகையில் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரை வழித்து வழித்துப் போக வேண்டும். முதல் வாரம் கவிழ்ந்துகொண்டே இருந்தார். இரண்டாம் வாரம் கழுத்து திரும்பவில்லை. விலா எலும்பெல்லாம் பலகையில் உராய்ந்து தோல் உரிந்தது. பக்கத்து வீட்டு அம்மாளிடம் பல் வைத்தியம் என்று சொல்லி வைத்திருந்தார். அந்த அம்மாளும் பல் இன்னும் எத்தனை பாக்கி என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"உன் மேல தேங்காய் வாசனை வருது," என்றாள் நோஹேயா ஒரு நாள். பலகைக்குத் தடவும் மெழுகின் வாசனை அது. "யாரவ?"

"கிளேட்டன்."

"வயசாக ஆக உன் ரசனை கெட்டுப்போச்சு வெண்டெல்."

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல்பைப் பற்றி அவள் சொன்னது எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் அவர் வண்டியைக் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தினார். நோஹேயா வானொலியைத் திருகினாள். கிளேட்டன் எதிரே வந்து, பலகையை அவள் பக்கத்துக் கார்க் கண்ணாடியை மறைத்தாற்போல் நிறுத்தினான். இளம் பச்சை. கடலைப் பார்க்காமல் இருந்துவிடலாம், மூக்குக்கு நேரே நிற்கிற பலகையைப் பார்க்காமல் இருக்க நோஹேயா என்ன கல்லா? கண்ணாடியை இறக்கினாள். வலது கையை நீட்டி ஓரத்தைத் தடவினாள். விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஓரம் நல்லா உருண்டிருக்கு. மூக்கு தட்டை. பரவால்லடா. யாருக்கு? ரெண்டாளு போர்டு இது."

"நமக்கு," என்றார் வெண்டெல்.

"கை போட்டுத் தண்ணி வழிக்கறது யாரு?"

"நான்."

அவள் சிரித்தாள். ஒன்றரை வருஷமாகக் கேட்காத சிரிப்பு. பிறகு முகம் இறுகியது. "கிண்டல் பண்ணாத. மூட்டைய ஏத்திக்கிட்டு நீ எங்க போவ? வண்டிய எடு."

வெண்டெல் சட்டையைத் தூக்கிக் காட்டினார். விலாவின் இரண்டு பக்கமும் சிவந்து, காய்ந்து, மறுபடி உரிந்திருந்தது. அந்தத் தழும்பு எதனால் வரும் என்று நோஹேயாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பலகையில் கிடந்து புரளாமல் அது வராது.

"எத்தனை நாளா?"

"ஒன்பது வாரம்."

அவள் வெகுநேரம் அந்த விலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கார்க் கதவைத் திறந்தாள்.

மணலில் உருளும் பெரிய சக்கர நாற்காலியில் வைத்து, இடுப்பளவு தண்ணீருக்குக் கொண்டுபோனார்கள். நோஹேயா முன்னால் குப்புறப் படுத்தாள். வெண்டெல் அவளுக்குப் பின்னால் ஏறிப் படுத்தார். பலகை கீழே போனது. கொஞ்சம் போய் நிற்கும் என்று பார்த்தால், நிற்காமல் போனது. தண்ணீர் மேலேறி நோஹேயாவின் மோவாயைத் தொட்டது. பலகையின் மூக்கு காணாமல் போய்விட்டது.

கிளேட்டனின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்பது வருஷமாகப் பலகை செய்கிறவன். "மச்சான், நீ நிஜமா நூத்தி அறுபத்தஞ்சுதானா?"

"ஆமா."

"அக்கா, கோவிச்சுக்காத. உன் எடை என்ன?"

நோஹேயா தலையைச் சாய்த்து அவன் காதில் சொன்னாள். வெண்டெல் பழக்கதோஷத்தில் டைமண்ட் ஹெட் மலையைப் பார்த்தார்.

"அம்பது பவுண்டுக்கு மேல குறைச்சு சொல்லியிருக்க மச்சான்," என்றான் கிளேட்டன். "எதை வச்சு எடை போட்ட?"

ஒளிக்க இடமில்லாத நிலையில் வெண்டெல் எல்லாவற்றையும் சொன்னார். அரிசி, சாக்கு, முக்காலி, ஒண்ணு ரெண்டு மூணு. "தினம் காலையில தூக்கறேன். அதே கனம்தான். சத்தியமா அதே கனம்."

"யாரு தூக்கறா?" என்றாள் நோஹேயா.

"நான்தான்."

"நீ எங்க தூக்கற? எந்திரிக்கறது நானு." திரும்ப முடியாததால் தண்ணீரைப் பார்த்தே பேசினாள். "நீ கண்ண மூடிக்கிட்டு எண்ணுவ. மூணு சொன்னதும் வலது கால ஊனி நான் எந்திரிப்பேன். நீ விழாம புடிச்சுக்குவ. உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"ஒன்றரை வருஷமா?"

"நான்தான் தூக்கறேன்னு நெனச்சேன்."

வெண்டெலுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அவள் கரையவில்லை. ஒரு துளிகூடக் குறையாமல் அப்படியே இருக்கிறாள். கூடத்தில் அழுததெல்லாம் வீண். இப்படி வீணாய்ப் போவது எவ்வளவு நல்ல விஷயம்.

நோஹேயா தன் வலது காலைத் தண்ணீருக்குள் ஒருமுறை நீட்டி மடக்கினாள். சின்ன அலை ஒன்று அவர்களுக்கு அடியில் ஏறி இறங்கிப் போனது.

"அம்பது பவுண்டு," என்றாள் கடைசியில். "தினம் அதைத் தூக்கினது நானா?"

"மேலயே இருக்கும்," என்றான் கிளேட்டன். "ரெண்டு பேரும் இறங்குங்க. தப்பு நடந்துபோச்சு. ரெண்டு மாசம் குடு, வேற செஞ்சு தரேன்."

வெண்டெலுக்குப் பயமாகிவிட்டது. இன்றைக்கு இறங்கினால், இவள் மறுபடியும் இந்தத் தண்ணீருக்கு வரமாட்டாள். பல்புக் கடைக்குத்தான் போவாள். இறங்க வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை; முழுகுகிற பலகையில் கிடந்துகொண்டு என்னவென்று சொல்வது?

"யாரும் இறங்க வேண்டாம்," என்றாள் நோஹேயா. "டேய், தள்ளாத. கிட்ட வராத. வெண்டெல், கொஞ்சம் பின்னால போ. இன்னும். உன் கால் தண்ணியில தொங்கட்டும்." பலகையின் மூக்கு தண்ணீருக்கு மேலே வந்தது. ஒரு விரல் அளவுதான். "நான் வலது கை. நீ இடது கை மட்டும் போடு. ரெண்டு கையும் போட்டன்னா வட்டமடிப்போம்."

"எண்ணவா?"

"நான் எண்ணறேன்."

முதல் அலை அவர்களைக் கண்டுகொள்ளாமல் போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. நோஹேயாவின் வலது தோள் வேலை செய்வதை வெண்டெல் இரண்டடி தூரத்திலிருந்து பார்த்தார். அந்தத் தோளில் இத்தனை பலம் இருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. மூச்சு வாங்கியது அவளுக்கு. நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தவர், இடது கையை இன்னும் அழுத்திப் போட்டார்.

மூன்றாவது அலை பின்னால் எழுந்தது. "ஒண்ணு," என்றாள் நோஹேயா. "ரெண்டு." மூன்று சொல்லவில்லை. அடியில் ஏதோ பிடித்துக்கொண்டது. பழைய நாற்பதடி வண்டி நிறுத்தத்தை விட்டுக் கிளம்புவதுபோல், பலகை யோசித்து, யோசித்துக் கிளம்பியது. கிளம்பியபின் நிற்கவில்லை. நோஹேயா வலது முழங்கையை ஊன்றித் தலையையும் மார்பையும் நிமிர்த்தினாள். தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்துகொண்டு ஓடியது. பின்னால் கிடந்த வெண்டெலுக்கு அவள் முகம் தெரியவில்லை. ஈரத் தலைமுடி மட்டும்தான் தெரிந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதுகு குலுங்குவதை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கரையில் மணல் தட்டித்தான் பலகை நின்றது.

"இன்னொரு தடவை," என்றாள்.

ஏழு தடவை போனார்கள். நாலு தடவை அலை கிடைத்தது. கிளேட்டன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, தன் வாழ்நாளிலேயே மோசமாக மிதக்கிற பலகையைப் பார்த்துத் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை வெண்டெல் வழக்கம்போல் கட்டில் ஓரத்துக்கு வந்து குனிந்தார். உடம்பில் வலிக்காத இடமில்லை. அக்குளுக்குக் கீழே கையைக் கொண்டுபோனார்.

"கைய எடு," என்றாள் நோஹேயா.

"விழுந்துடுவ."

"விழுந்தா தூக்கு. இன்னைக்காவது நிஜமாத் தூக்கு. இப்ப கைய எடு. கண்ணையும் மூடாத."

கையை எடுத்து ஓரடி பின்னால் தள்ளி நின்றார். அவள் வலது பாதத்தைத் தரையில் சரியாக வைத்தாள். வலது கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றினாள். முதல் தடவை பாதியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் தடவையும் உட்கார்ந்தாள். வெண்டெலின் இரண்டு கைகளும் காற்றில் அப்படியே நின்றன. மூன்றாம் தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே வந்தாள். முழங்கால் நடுங்கியது, நின்றது. அவள் நின்றாள்.

நாற்காலி அவளுக்கு வலது பக்கம் இருந்தது. அவள் நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. கட்டிலிலிருந்து கையை எடுத்து, இடது காலை இழுத்து ஒரு எட்டு முன்னால் வைத்து, கையை வெண்டெலின் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு அவர் மேல் சாய்ந்தாள். அவர் அவசரமாகக் கை கொடுத்து, முதுகை நிமிர்த்தி, "ஒண்ணு" என்றார்.

"எண்ணாத," என்றாள் நோஹேயா.

தூக்குவதற்காக இல்லை இது என்று வெண்டெலுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.